கண்ணை மூடி நல்லதை நினைக்கச் சொன்னார்கள்

யாராவது என்னிடம் வந்து, "நல்லதையே நினைங்கம்மா, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றால் எனக்கு முதலில் அவர்மேல்தான் சந்தேகம் வரும். இந்த ஆளுக்கு என்ன வேண்டும்? நான் எதைப் பார்க்காமல் இருந்தால் இவருக்கு நல்லது? என் புத்தி இப்படித்தான் ஓடும். என் மகன் இதைக் கோணல் புத்தி என்கிறான். இருக்கட்டும். கோணலாக இருந்தாலும் இத்தனை வருஷம் எனக்கு நன்றாகவே உழைத்திருக்கிறது.

போன மாதம் சிரம்பான் பக்கம் பாரோயில் ஒரு மண்டபத்துக்கு மருமகள் என்னை அழைத்துப் போனாள். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று டை கட்டிய ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையிலும் கீழேயுமாக ஓடி ஓடிப் பேசினார். இடையில் எல்லோரையும் கண்ணை மூடி, வேண்டியதெல்லாம் கைக்கு வந்துவிட்டதாக நினைக்கச் சொன்னார். மண்டபம் முழுக்கக் கண்ணை மூடியது. நான் மூடவில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது சொன்னவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது என் வழக்கம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வழக்கம் பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எனக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே போலீசும் பட்டாளமும், நடுவில் பால்மரம் சீவிக்கொண்டு நாங்கள். அங்கங்கே சிதறிக் கிடந்த லயத்து வரிசை வீடுகளைப் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கி வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். பொழுது சாய்ந்தால் வெளியே போக முடியாது. வீட்டில் அரிசி வைத்திருக்கக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். பொதுச் சமையல் கொட்டகையில் சோறாக்கித் தட்டில் போடுவார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு மடியில் இருந்தாலும் ஜெயில்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆயாக்கொட்டகையில் வேலை. பால்மரம் சீவப் போகும் பெண்கள் விடியுமுன் குழந்தைகளைக் கொண்டுவந்து என்னிடம் விடுவார்கள். நான் அக்கா வீட்டில் இருந்தேன். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் ரோடு போடப் பிடித்துப் போகப்பட்டவர், திரும்பவில்லை. செத்தார் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்து, அதே வாசலில் ஒருநாள் கண்ணை மூடினாள். அதன்பிறகு எனக்கு அக்காவும் அத்தானும்தான் எல்லாம். இருவரும் பால்மரம் சீவுகிறவர்கள்.

தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஒருவர் இருந்தார். ஆபீசில் வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி அவர்தான். எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. துரையிடம் ஆங்கிலத்திலும் எங்களிடம் தமிழிலும் போலீஸிடம் மலாயிலும் பேசுவார். மூன்று பேச்சிலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறாரா என்பது எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவர் ஒருமுறை சிரம்பானுக்குப் போய் யாரோ ஒருவருடைய பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்தார். வந்தவர் பழைய கிராணி இல்லை. எந்நேரமும் ஒரு சிரிப்பு. ஆளை நிறுத்திவைத்து, "மனசுதான் எல்லாம். கெட்டதை நினைச்சா அது வரும். நினைக்காட்டி வராது" என்பார். கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம் ஆரம்பித்துவிட்டார்.

கூட்டத்தில் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். கிராணி, "என் வீட்டிலே" என்பார். நாங்கள் "குறையில்லை" என்போம். "என் மனசிலே" என்பார். "பயமில்லை" என்போம். இப்படி ஒரு அரைமணி. பிறகு தேநீரும் பிஸ்கட்டும். பிஸ்கட் துரை வீட்டுச் செலவு. எனக்குச் சந்தேகம் முளைத்ததே அந்த பிஸ்கட்டில்தான். சம்பளத்தில் ஐந்து காசு கூட்டிக் கேட்டால் கையை விரிக்கிற துரை, நாங்கள் கண்ணை மூடுவதற்குப் பிஸ்கட் தருகிறார் என்றால் கண் மூடுவதில் அவருக்கு ஏதோ லாபம் இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் குறை சொல்லக் கூடாது, அழக் கூடாது. இரண்டும் விதி. சமையல் கொட்டகையில் சோறு வேகவில்லை என்று ஒருமுறை ஒருத்தி சொல்லிவிட்டாள். கிராணி அவளை எழுப்பி நிறுத்தி, "சோறு மல்லிகைப்பூ மாதிரி இருக்குன்னு சொல்லும்மா" என்றார். அவளும் சொன்னாள். மறுநாள் சோறு அதே அரைவேக்காடு. ஆனால் குறை சொல்ல இப்போது யாருக்கும் வாய் வரவில்லை. துரைக்குப் பிஸ்கட் காசு அன்றைக்கே திரும்பிவிட்டது.

எங்கள் ஆட்களை இதில் இழுப்பது சுலபம். ஏற்கனவே நாங்கள் கெட்ட சொல்லுக்குப் பயந்தவர்கள். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். போகிறேன் என்று சொல்லாமல் போய்ட்டு வரேன் என்போம். வாயிலிருந்து வருவது பலித்துவிடும் என்கிற பயம் பால் குடிக்கும்போதே ஏறியது. கிராணி அந்தப் பயத்துக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டார், அவ்வளவுதான். வாயில் இருந்த காவலை மனசுக்குள்ளும் கொண்டுபோய் வைத்தார்.

இவ்வளவு சொல்கிற கிராணி எங்கே குடியிருந்தார் என்றும் சொல்லிவிடுகிறேன். துரை பங்களாவின் வேலிக்குள். அவர் வீட்டைச் சுற்றி இடுப்புயரத்துக்கு மணல்மூட்டை அடுக்கியிருந்தது. சன்னல்களில் தகரம் அடித்திருந்தது. மனசில் பயமில்லாத ஆளுக்கு எதற்கு மணல்மூட்டை என்று நான் அத்தானைக் கேட்டேன். அத்தான் சிரித்துவிட்டு, "நல்ல நினைப்பு உள்ள இருக்கு, மணல்மூட்டை வெளிய இருக்கு. ரெண்டும் சேந்தா சேப்டி லா" என்றார். அத்தான் அப்படித்தான். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார்.

அந்த அத்தான் ஒருநாள் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அவரோடு காட்டோரத்து மர நிரையில் சீவப் போன இன்னொருவரும் திரும்பவில்லை. எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக்காரர் அவர். தேடிப் போனவர்கள் மரங்களில் கட்டிய மங்குக் கிண்ணம் நிறையப் பாலையும், தரையில் கவிழ்ந்து கிடந்த இரண்டு வாளிகளையும் பார்த்துவிட்டு வந்தார்கள். காட்டுக்காரர்கள் மூட்டை தூக்கப் பிடித்துப் போயிருப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள். இவர்களாகவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று போலீஸ் நினைத்தது. வந்து அக்காவையும் அவர் பெண்டாட்டி கடைசி வீட்டக்காவையும் கேள்வி கேட்டார்கள். கிராணிதான் நடுவில் நின்று மலாய்க்கும் தமிழுக்கும் மொழி மாற்றிச் சொன்னார்.

கடைசி வீட்டக்காவுக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். அவள் கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் என்னிடம்தான் வளர்ந்தது. அக்காவும் அவளும் அடுத்தடுத்த நிரையில் சீவுகிறவர்கள், ஒரே குழாயில் துணி துவைக்கிறவர்கள். அந்த ஞாயிறு கிராணி இருவரையும் கூப்பிட்டு முன் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். பொட்டும் பூவும் குறையாமல் வரச் சொன்னார். "உங்க வீட்டுக்காரங்க பத்திரமா இருக்காங்க. இப்ப வந்து வாசல்ல நிக்கிறாங்க. அப்படியே நினைங்க" என்றார். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அவர்களுக்காக நினைத்தார்கள். நினைத்துவிட்டு பிஸ்கட் தின்றார்கள். ஒருவர்கூடப் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போய் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நினைத்ததே பெரிய உபகாரம் செய்தாற்போல எல்லோர் முகத்திலும் ஒரு திருப்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி வீட்டக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டிலும் கண்ணை மூடி உட்காருவாள். சமையல் கொட்டகையில் சோறு வாங்கிவந்து புருஷன் தட்டில் ஒரு பங்கு வைப்பாள். யாராவது பாவம் என்று உச்சுக் கொட்டினால், "அப்படிச் சொல்லாதீங்க" என்று பதறுவாள். அக்கா எப்போதும்போல விடியுமுன் மரம் சீவப் போவாள். ஞாயிறு போவாள், வருவாள்.

பிறகு ஒரு நாள் காலை. பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ண, எல்லோரும் வரிசையில் நின்றிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு போலீஸ் லோரி வந்து நின்றது. மலாய்க்கார சார்ஜன் ஒருவர் இறங்கி வந்து கிராணியிடம் பேசினார். முதல் நாள் காட்டோரம் சண்டை நடந்திருக்கிறது. அதில் சுடப்பட்ட ஒருவன் தமிழன். பகாவ் ஸ்டேஷனில் கிடத்தியிருக்கிறார்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை. இன்னார் என்று யாராவது வந்து சொன்னால் சரி, இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் பொதுவில் புதைத்துவிடுவார்கள்.

நீலக் கட்டம் என்றதும் லயத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முந்தின தீபாவளிக்குச் சைக்கிளில் வந்த ஜவுளிக்காரர் ஒரே பீஸ் துணியை வைத்துக்கொண்டு பாதித் தோட்டத்துக்கு அளந்து கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் லயத்து ஆண்களுக்கெல்லாம் ஒரே சட்டை. தீபாவளிக்குச் சிரிப்பாக இருந்தது. அது பழசாகி, வேலைக்குப் போட்டுக்கொள்கிற சட்டையாகியிருந்தது. காணாமல் போன அன்று இருவரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். ஆக, பிணம் ஒன்று, சட்டை ஒன்று, பெண்கள் இருவர்.

கிராணி இருவரையும் தனியே கூப்பிட்டார். ஆயாக்கொட்டகை பக்கத்திலேயே இருந்ததால் எனக்குக் கேட்டது. "போகாதீங்க. போனா நீங்களே சந்தேகப்பட்டதா ஆயிடும். நினைப்பு உடைஞ்சிடும். யாரோ எவனோ, நம்ம ஆளு இல்லன்னு நினைச்சுட்டு வேலைக்குப் போங்க" என்றார். சொல்லிவிட்டு சார்ஜனிடம் திரும்பி மலாயில், இங்கிருந்து யாரும் வரவில்லை என்றார். அந்த அளவு மலாய் எனக்கும் தெரியும்.

அவருக்கு ஏன் அவ்வளவு அவசரம்? காட்டுக்காரர்களோடு கிடந்த பிணம் எங்கள் தோட்டத்து ஆள் என்று ஆகிவிட்டால் தோட்டத்துக்குக் கெட்ட பெயர். ஊரடங்கை இறுக்குவார்கள், வேலை கெடும், துரைக்கு மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அதற்காகத்தான் அவர் எங்கள் மனசைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டார் என்பது என் எண்ணம். என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. அவர் உண்மையாகவே நம்பியும் இருக்கலாம். நம்பிக்கையும் வசதியும் ஒரே பக்கம் சாயும்போது ஆள் எதில் நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது.

அக்கா வரிசையை விட்டு நேரே சார்ஜனிடம் போனாள். "சாயா மாவு இக்குட்" என்றாள். நானும் வருகிறேன் என்று. சார்ஜன் கிராணியைப் பார்த்தார். கிராணி சிரிப்பு மாறாமல், "இந்தப் பொம்பளைக்கு உடம்பு சரியில்ல" என்பது போல ஏதோ சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்காமல் லோரிக்குப் போய்ப் பின் பலகையைப் பிடித்து ஏறினாள். ஏறி நின்று கடைசி வீட்டக்காவுக்குக் கையை நீட்டினாள்.

"வா புள்ள. ரெண்டு பேரும் போய்ப் பாத்துருவோம்."

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். உதடு மட்டும் அசைந்தது. நான் குழந்தைகளைப் பக்கத்திலிருந்த ஆயாவிடம் தள்ளிவிட்டு ஓடிப் போய் அக்காவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

லோரியில் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயந்தான். ஆனா அம்மா மாதிரி வாசலைப் பாத்துக்கிட்டே சாக என்னால முடியாது. இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி பொழைப்பைப் பாக்கலாம்" என்றாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரையின் கீழே கித்தான் போட்டு மூடியிருந்தது. போலீஸ்காரர் கித்தானை விலக்கினார். நான் சட்டையைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு என்னால் பார்க்க முடியவில்லை, அக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்து பெரிதாக மூச்சு விட்டாள். அத்தான் இல்லை. அடுத்த கணமே அவள் முகம் கோணிக்கொண்டது. படுத்திருந்தவர் கடைசி வீட்டுக்காரர்.

தெரிந்த ஆளா என்று சார்ஜன் கேட்டார். நான் அக்காவின் இடுப்பைக் கிள்ளினேன். தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள், காட்டில் அவன் என்ன செய்தான் என்பார்கள். எதற்கு வம்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்கா என் கையைத் தட்டிவிட்டுப் பெயரைச் சொன்னாள், தோட்டத்தைச் சொன்னாள், பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்கள் என்று சொன்னாள். அவளை அழைத்துவருகிறேன், அதுவரை மண் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சார்ஜன் நல்ல மனிதர். அதே லோரியில் எங்களைத் திருப்பி அனுப்பினார்.

கேட்டில் கிராணி நின்றிருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, "உன் வீட்டுக்காரன் இல்லதானே? பாத்தியா, நினைப்புதான் காப்பாத்துச்சு" என்றார். பிறகுதான் அவருக்கு மறுபாதி உறைத்தது. குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாதே. அது நல்லதா நினைச்சுட்டு இருக்கட்டும். ஒரு சந்தோசத்தை ஏன் கெடுக்கணும்?" என்றார்.

அக்கா அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். பிணத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பதால் கடைசி வீட்டுக்கு முன்னால் சாக்கடைக்கு இந்தப் பக்கமே நின்று கூப்பிட்டாள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் உள்ளே உட்கார்ந்திருந்த கடைசி வீட்டக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அக்கா குளிக்கக்கூடப் போகாமல் நேரே தன்னிடம் வந்து அந்தப் பக்கம் நின்றதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அக்கா வாயால் சொன்னாள். "உன் வீட்டுக்காரர்தான். நான் நல்லாப் பாத்தேன்."

கடைசி வீட்டக்கா அழவில்லை. அக்காவையே வெறித்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ போகும்போதே உன் புருசனா இருக்கக் கூடாதுன்னு நினைச்சுட்டுத்தானே போனே. அங்க இருந்தது ஒரு ஆளு. உன் வீட்டுக்கு வேணாம்னு தள்ளினா அது எங்க போகும்? என் வீட்டுக்குத்தானே வரும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அக்கா என்னைக் கையால் நிறுத்தினாள்.

"ஆமா. லோரியில ஏறினதிலேருந்து அதைத்தான் நினைச்சேன். நீயும் இங்க உக்காந்து அதைத்தான் நினைச்சிருப்பே. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. நினைச்சதுக்கும் நடந்ததுக்கும் என்ன இருக்கு? அவரு நேத்தே செத்துட்டாரு. வா, லோரி நிக்குது. மண் போடறதுக்குள்ள ஒரு தடவை பாத்துரு."

அவள் வந்தாள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அன்றைக்குத் தோட்டத்து ஆண்கள் ஒருவரும் லோரியில் ஏறவில்லை. காட்டோரம் சுடப்பட்டவனுக்குச் சொந்தக்காரன் என்று போலீஸ் எழுதிக்கொண்டால் என்ன ஆவது என்ற பயம். அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை, அந்தப் பயம் நியாயமான பயம். ஆகவே நாங்கள் மூன்று பெண்கள்தான் போய் மண் போட்டோம். குழந்தை கையிலும் ஒரு பிடி மண்ணைக் கொடுத்துப் போட வைத்தோம். அப்போதும் கடைசி வீட்டக்கா அழவில்லை. அழுகை கெட்ட நினைப்பு என்று கிராணி அவளுக்குப் பாடம் ஏற்றியிருந்தார். திரும்பி வந்ததிலிருந்து அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். குழாயடியில் அக்கா நின்றால் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள்.

அடுத்த ஞாயிறு கிராணி என்ன சொன்னார் தெரியுமா? "அவ மனசுல எங்கயோ ஒரு மூலையில சந்தேகம் இருந்திருக்கு. கொஞ்சம் சந்தேகம் போதும்." அவளை வைத்துக்கொண்டே சொன்னார், கருணையான குரலில் சொன்னார். அன்றைக்கு வந்த வெறுப்பு எனக்கு இன்றைக்கும் குறையவில்லை. துப்பாக்கியால் சுட்டவன் யாரோ, மூட்டை தூக்க இழுத்துப் போனவன் யாரோ, குற்றவாளி மட்டும் வீட்டில் சோற்றுத்தட்டு வைத்துக் காத்திருந்த பெண். நினைப்பால் காப்பாற்ற முடியும் என்று ஒப்புக்கொண்டால், காப்பாற்ற முடியாமல் போன ஒவ்வொருவரும் குற்றவாளிதான். இந்தத் தத்துவத்தின் வயிற்றுக்குள் இருக்கும் விஷம் அது. வெளியே இனிப்பு தடவியிருப்பதால் எளிதில் தெரிவதில்லை.

அதோடு அவளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். பொட்டில்லாத முகம் முன்னால் இருந்தால் மற்றவர்கள் நினைப்பு கலங்குமாம். அவள் போய்ப் பின்னால் உட்கார்ந்தாள். வராமல் நின்றுவிடுவாள் என்று பார்த்தேன். ஒரு வாரம் தவறவில்லை. இன்னொரு தடவை சந்தேகம் வந்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துதான் வந்தாள் என்பது ஆயாக்கொட்டகையில் குழந்தையை விடும்போது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். குழந்தைக்கு லேசாகச் சளி பிடித்தால்கூட, "நான் எதுவும் நினைக்கலயே, ஒண்ணும் நினைக்கலயே" என்று என்னிடம் சத்தியம் செய்வாள்.

பல மாதம் கழித்து அத்தான் வந்தார். ஆளே பாதியாக, தாடியும் சொறியுமாக, கேட்டில் நின்றார். காட்டுக்காரர்கள் இருவரையும் மூட்டை தூக்கத்தான் இழுத்துப் போயிருக்கிறார்கள். மழை கொட்டிய ஒருநாள் அத்தான் தப்பி ஓடி பகாங் பக்கம் போய்ப் போலீஸிடம் சரணடைந்திருக்கிறார். கூட்டாளிக்கு ஓட முடியவில்லை, காலில் புண். போலீஸ் அத்தானை நம்பாமல் கேம்பில் வைத்து விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அக்கா அவரைப் பார்த்ததும் அழுதாள், பிறகு ஏன் இவ்வளவு நாள் என்று திட்டினாள், பிறகு மறுபடி அழுதாள். நானும் அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

கிராணிக்கு எங்களைவிடச் சந்தோஷம். அந்த ஞாயிறு விசேஷக் கூட்டம் வைத்தார். துரைக்கு நாற்காலி போட்டிருந்தது. பிஸ்கட்டோடு கேக்கும் இருந்தது. நல்ல நினைப்பு ஒரு மனிதனைக் காட்டிலிருந்து மீட்டு வந்ததைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, அக்காவை முன்னால் கூப்பிட்டார். "எப்படி நினைச்சே, எப்படி நம்பினே, எல்லாருக்கும் சொல்லும்மா" என்றார்.

அக்கா கூட்டத்தில் பேசியவள் இல்லை. போய் நின்று சேலை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"ஐயா, நான் எதையும் நினைக்கல. நாலு மணிக்கு எந்திரிச்சு மரம் சீவுறவ நான். இங்க வந்து கண்ணை மூடினா எனக்குத் தூக்கந்தான் வரும். இந்தப் பெஞ்சுல உக்காந்த வாரமெல்லாம் தூங்கிட்டேன். பக்கத்துல உக்காந்திருந்தாளே, அவ ஒரு சொல்லு விடாம சொன்னா. வீட்லயும் போய் சொன்னா. தூங்கினவ புருசன் வந்துட்டாரு. முழிச்சிருந்தவ புருசன் வரல. அப்ப சந்தேகப்பட்டது யாரு? அவளா, நானா?"

துரைக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கிராணியும் சிரிப்பை விடவில்லை. "நீ தூங்கலம்மா. அது தூக்கம் மாதிரி தெரியும். ஆழமா நினைக்கிறப்ப அப்படித்தான் இருக்கும்" என்றார்.

"தூங்கிச்சு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கடைசி வீட்டக்கா எழுந்து நின்றிருந்தாள். "நல்லாத் தூங்கிச்சு. குறட்டை விட்டுச்சு. வெளிய கேட்டுடப் போகுதுன்னு நாந்தான் முழங்கையால இடிச்சு இடிச்சு எழுப்பினேன்."

யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு பத்துப் பேர் சிரித்தார்கள். அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. புருஷனுக்கு மண் போட்ட நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் உடைந்து வந்தது. கிராணி கையை உயர்த்தி, "இங்க அழக் கூடாது, இங்க அழக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போய் அவள் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழு புள்ள," என்றாள். "உன் மேல ஒரு தப்பும் இல்ல. நல்லா அழு."